அக்கா தைத்த போர்வையை நான் தொடவில்லை

மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு மூத்த மகளாக அக்கா பிறந்தார். ஐந்து ஆண்டு கழித்து நான் பிறந்தேன். அக்காவைக் கண்டால் எனக்கு எப்போதும் வயிற்றெரிச்சல்தான். "அம்மாவோட முதலாண்டு நினைவு மலர்ல இதையெல்லாமா எழுதுவாக, சித்தி?" என்று அக்கா மகள் கேட்டாள். இதை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

பழனிசெட்டிபட்டியில் வாழ்க்கைப்பட்ட அக்கா, இளம் வயதிலேயே அத்தானை இழந்தார். ரவிக்கை தைத்தே இரு பிள்ளைகளையும் படிக்க வைத்தார். உதவி கேட்டு யார் வீட்டு வாசலிலும் நின்றதில்லை. அந்தப் பிள்ளைகள் நன்றாகப் படித்ததிலும் எனக்குப் பொறாமை உண்டு.

எங்கள் அம்மா இறந்த பதினாறாம் நாள், வழக்கப்படி அவருடைய சேலைகளை மகள்கள் இருவரும் பங்கு வைத்தோம். மூத்தவர்தான் முதலில் எடுக்க வேண்டும். நான் முந்திக்கொண்டு மூன்று பட்டுச் சேலைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். "எடுத்துக்கத்தா, எனக்கு இது போதும்" என்று, அம்மா தினமும் கட்டிய நூல் சேலைகளை அக்கா வாரிக்கொண்டார். அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி, ஒட்டுச் சேர்த்து ஒரு போர்வை தைத்தார். என் பட்டுகள் பீரோவில் மடித்த மடிப்பிலேயே இற்றுப்போயின.

கோயம்புத்தூரில் போர்வைகளுக்கும் துணி வேலைப்பாடுகளுக்கும் மட்டுமென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பொறுப்பில் இருந்த அம்மையார், அக்கா மகள் வீட்டில் அந்தப் போர்வையைப் பார்த்துவிட்டுக் கேட்டு வாங்கிப் போனார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு அதைப் பார்க்கப் போனார். சுவரில் விளக்குப் போட்டு மாட்டி, முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் படம் பிடித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"கிழிஞ்ச சேலைக்கு இம்புட்டு மருவாதியா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. அந்த அம்மையாரிடம் போய், "இது எங்க ஆத்தா கட்டுன சேலைம்மா. என் தங்கச்சி ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கிரட்டும்" என்று கேட்டார். அவர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். "இங்கன வாத்தா" என்று அக்கா கூப்பிட்டார். நான் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கு வேணாம், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். திரும்பும் வழியில் அக்கா வாழைப்பழம் வாங்கி எனக்கு உரித்துக் கொடுத்தார்.

கடைசி மூன்று மாதம் படுக்கையில் இருந்த அக்காவுக்கு நான்தான் கஞ்சி ஊட்டினேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அக்காவையே விசாரிக்கிறார்களே என்று அப்போதும் மனம் குமைந்தது.

சென்ற மாதம் தனியாக அந்த அருங்காட்சியகத்துக்குப் போனேன். அம்மையார் வேலையை விட்டுப் போயிருந்தார். கயிற்றைத் தாண்டிக் கை நீட்டியதும், "தொடக் கூடாதும்மா" என்றார் காவலர்.

"எங்க அக்கா தச்சது."

"யாரு தச்சிருந்தாலும் தொடக் கூடாது."

எனக்காகக் கேட்க இப்போது அக்கா இல்லை.

அக்காவைக் கடைசிவரை கவனித்த செவிலியர்களுக்கும், பழனிசெட்டிபட்டித் தெருக்காரர்களுக்கும், துக்கத்தில் உடனிருந்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எனக்காகக் கயிற்றை அவிழ்த்துவிட்ட அந்த அம்மையாருக்கும் நன்றி. அன்றைக்கு நான் கையை நீட்டியிருக்கலாம்.