அம்மா கேட்ட பாஸ்வேர்ட்

பெற்ற மகன் கனடாவிலிருந்து போன் எடுக்கிறான். தாய் கேட்கிறார் — "நீ ஆர்?"

போன ஞாயிற்றுக்கிழமை கோப்பாயில், பவளமக்கா வீட்டில் என் காதால் கேட்டது இது. அக்காவுக்கு மறதி நோய் ஒன்றும் கிடையாது. தோட்டத்தில் எந்தப் பாத்தியில் வெங்காயம் அழுகியது என்பதுகூட அவருக்கு மனப்பாடம்.

"நான்தான் அம்மா, ரமணன்."

"ரமணன் எண்டு ஆரும் சொல்லலாம்."

"வீடியோவைப் போடுங்கோ, என்ரை முகத்தைப் பாருங்கோ."

"முகத்தையும் செய்யலாமாம். பொலிஸிலை சொன்னவை."

டக்கென்று கட் பண்ணிவிட்டார். போன் திரும்ப அடித்தது. எடுக்கவில்லை. எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

நடந்தது இதுதான். அக்காவின் கணவர் துரையண்ணை சில மாதங்களுக்கு முன் காலமானார். நம்மவர்கள் மரண அறிவித்தல் போடுகிற அழகைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? படத்தோடு இணையத்தில் போட்டாயிற்று. துரையண்ணையின் தாய் தகப்பன் பெயர், அக்காவின் தாய் தகப்பன் பெயர், சகோதரங்கள் யார் யார் எந்தெந்த நாட்டில், ரமணனின் 'பாசமிகு தந்தை', ரமணன் பெயருக்குப் பக்கத்தில் கனடா, வீட்டு விலாசம், தொடர்புக்கு அக்காவின் நம்பர்.

பாங்கில் நம்மை அடையாளம் காண என்ன கேட்கிறார்கள்? தாயின் பெயர், பிறந்த ஊர்... அதையெல்லாம் நாங்களே ஊருக்கு எழுதிப் போடுகிறோம். சகோதரத்தின் பிள்ளை, ஒரு பெறாமகனின் பெயர் விடுபட்டால் அதற்கும் ஒரு சண்டை!

செத்தவீடு லைவ்வில் போனது. ரமணனுக்கு அங்கே இன்னும் வதிவிடப் பேப்பர் சரிவரவில்லை. வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. யாரோ ஒருவர் போனை மைக்குக்குக் கிட்டப் பிடிக்க, அவன் அங்கிருந்தே குழறி அழுதான். "பேப்பர் இல்லாமல் வரேலாமல் போச்சே அப்பா... என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அப்பா..." அழாதவர் இல்லை. நானும் அழுதேன். அந்த வீடியோ இப்போதும் யூடியூபில் கிடக்கிறது.

யார் யாரோ பார்த்திருக்கிறார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சனம் கலைந்த பிறகு அக்காவுக்கு ஒரு அழைப்பு. "அம்மா..." அதே குரல், அதே விக்கல். பேப்பர் இல்லையென்று பொலிஸ் பிடித்து வைத்திருக்கிறதாம். லோயருக்கு உடனே கட்ட வேண்டுமாம். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அம்மா, வெளியிலை தெரிஞ்சால் என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். என்ரை சிநேகிதன் ஒருத்தன் வீட்டை வருவான், அவனிட்டைக் குடுத்துவிடுங்கோ."

வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசல் படலையடியில் நின்றான். அக்காவின் கையில் காசில்லை. அலுமாரியில் தாலிக்கொடி இருந்தது. துரையண்ணையின் பிரேதத்தை எடுக்கும்போது கழற்றியது. ரமணனுக்கு வரப்போகிறவளுக்கு என்று பத்திரப்படுத்தியது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டார். பிறகு ரமணனே எடுத்தபோதுதான் தெரிந்தது, முதல் அழைத்தது அவனில்லை என்று.

கொஞ்ச நேர அழுகை இருந்தால் போதுமாம். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் அந்தக் குரலிலேயே கதைத்துவிடுமாம். நாங்கள் கள்ளன் என்றால் மதிலேறிக் குதிப்பவன் என்று நினைத்து மதிலில் போத்தல் ஓடு பதிக்கிறோம், சிசிடிவி பூட்டுகிறோம். இவன் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டல்லவா வந்திருக்கிறான்!

"கொடி போனது போகட்டும் தம்பி," என்றார் அக்கா. "பெத்த எனக்கே என்ரை பிள்ளையின்ரை குரல் விளங்கேல்லையே. இப்ப அவன் அம்மா எண்டு கூப்பிட்டால் எனக்குப் பயமாக் கிடக்குது."

 பத்தி எழுதுகிறவன் புத்திமதி சொல்லாமல் இருப்பேனா?

"உங்கடை வீட்டுக்குள்ளை மட்டும் தெரிஞ்ச ஒரு கேள்வியைக் கேளுங்கோ அக்கா. ஒரு பாஸ்வேர்ட் மாதிரி. நீங்கள் வளர்த்த நாயின்ரை பேரைக் கேளுங்கோவன்."

அக்கா எழும்பிப் போய் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். அந்தியேட்டிக்கு அடித்த நினைவு மலர். பேஸ்புக்கிலும் முழுதாக ஏற்றியிருக்கிறார்களாம். அதில் ரமணன் அப்பாவைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்தான். நாயின் பெயர், படித்த பள்ளிக்கூடம், காய்ச்சலோடு அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்து மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் போனது... ஒன்றையும் விடவில்லை. பின்பக்கத்தில் வம்சாவளி வேறு.

மலரை மூடி அக்காவிடமே திருப்பிக் கொடுத்தேன்.

போன் மறுபடி அடித்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"நீ வெளிநாட்டுக்கு வெளிக்கிட்ட அண்டைக்கு, படலையடியிலை வைச்சு அப்பா உனக்கு என்ன சொன்னவர்?"

 

"அது வேண்டாம் அம்மா. வேறை ஏதும் கேளுங்கோ."

"சொல்லு."

"...என்ரை செத்தவீட்டுக்கும் நீ வரப்படாது எண்டவர்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "ஓம். என்ரை பிள்ளைதான்," என்றார். பிறகுதான் கேட்டார் — "சாப்பிட்டியோ ராசா?" மறுபக்கத்தில் அவன் அழத் தொடங்கினான். இந்த முறை அக்கா கட் பண்ணவில்லை.

அவனை வெளிநாட்டுக்கு அனுப்பத் தோட்டக் காணியை விற்று ஏஜென்சிக்காரனுக்குக் கட்ட வேண்டி வந்த ஆத்திரத்தில் துரையண்ணை சொன்னதாம். பிறகு தகப்பனும் மகனும் ராசியாகி, கிழமைக்குக் கிழமை கதைத்தவர்கள்தான். அந்த ஒரு வசனத்தை மட்டும் வீட்டில் யாரும் திரும்ப எடுத்ததில்லை, எங்கும் எழுதியதும் இல்லை. இனி ரமணன் தாயோடு கதைப்பதென்றால், ஒவ்வொரு முறையும் அதைத் தன் வாயால் சொல்லிவிட்டுத்தான் கதைக்க வேண்டும்.

பாஸ்வேர்டை இப்படிப் பத்திரிகையில் போடலாமா என்று கேட்பீர்கள். பெயர்களை மாற்றியிருக்கிறேன், துரையண்ணை சொன்ன வசனத்தையும்தான் — உண்மையில் அவர் சொன்னது இதைவிடக் கொடியது.