மீனுக்கு வந்த அம்மாள்

என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த கிழமையில்தான் அண்ணனின் மீனுக்குச் சுகமில்லாமல் போனது.

அண்ணன் முல்லைத்தீவில் விஞ்ஞான வாத்தியார். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து விசுவமடுவில் காணி கிடைத்து வந்த குடும்பம். வயல், கிணறு, வேலி என்று எல்லோருக்கும் கை நிறைய வேலை இருந்தது. அண்ணனுக்கு மட்டும் அது போதவில்லை. பள்ளிக்கூட விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவர் யன்னல் கண்ணாடிகளை மரச்சட்டத்தில் பொருத்தி, விறாந்தையில் ஒரு தொட்டி செய்தார். அதற்கு வேண்டிய கடல்தண்ணீரைப் பெரிய தகரங்களில் அடைத்து, முல்லைத்தீவிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

“ஏன் மாஸ்ரர், விசுவமடுக் கிணறெல்லாம் வத்திப்போச்சோ?” என்று கண்டக்டர் கேட்டாராம். அண்ணனுக்குப் பகிடி விளங்காது. இறங்கும்வரைக்கும் கண்டக்டருக்குக் கடல்நீரின் உப்பைப் பற்றி விளக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அடுத்த முறை அந்த மனிதர் எதுவும் கேட்கவில்லை.

தொட்டியில் முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு மீன் இருந்தது. அது ஒன்றும் செய்யாது. ஒரு மூலையில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு அண்ணன் இன்னொன்றைக் கொண்டுவந்தார். மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட, உள்ளங்கையளவு மீன். கரையில் யாரோ ஒருவரின் வலையில் தப்பித்தவறி வந்தது. அதற்கு என்ன பெயர் என்று அண்ணன் கேட்டதற்கு, கறிக்கு உதவாத மீனுக்குத் தாங்கள் பெயர் வைப்பதில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். வந்த அன்றைக்கே அதைப் பழைய மீனோடு தொட்டியில் விட்டார் அண்ணன். கொஞ்ச நாள் வேறாக வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்த்திருக்கலாம் என்பது அவருக்குப் பிறகுதான் தோன்றியது.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் உடையார்கட்டுக் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அதற்கு முன் பேசிய சம்பந்தங்கள் பேச்சோடு நின்றுபோயிருந்தன. அவை நின்றதில் எனக்குக் கவலையில்லை. இது நிற்கக்கூடாது என்று நினைத்தேன். தரகர் படம் காட்டிய பிறகு, ஒருமுறை பஸ் உடையார்கட்டில் நின்றபோது அவரைக் கண்டிருந்தேன். கடைக்கு வந்த ஒரு மனுசி குடையை மறந்துவிட்டுத் தெருவுக்கு இறங்கிவிட்டார். இவர் கதிரையை விட்டெழும்பி, வெயிலில் ஓடி வந்து அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார். அவ்வளவுதான். எனக்குப் பிடித்துப்போய்விட்டது. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. கேட்டால் குடைக்கதையைச் சொல்ல வேண்டிவரும்.

மஞ்சள் மீன் முதலில் சாப்பாட்டை விட்டது. அண்ணன் நுள்ளிப் போட்ட இறால் துண்டுகள் அடியில் கிடந்து அழுகி மணத்தன. பிறகு அது தொட்டிக்குள் கிடந்த கல்லில் விலாவை உரசத் தொடங்கியது. செவுள் ஓடி வந்தவனின் நெஞ்சுபோல அடித்தது. ஒரு காலை பார்த்தபோது உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக, ரவை தூவினதுபோலப் பொட்டுகள்.

“உப்புப் படிஞ்சிருக்கு,” என்றார் அண்ணன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து வந்தார். குனிந்து பார்த்தார். பிறகு இரண்டடி பின்னால் தள்ளி நின்று கும்பிட்டார்.

“இது அம்மாள்,” என்றார்.

அம்மையோ கொப்புளிப்பானோ எது வந்தாலும் எங்கள் பக்கத்தில் அம்மாள்தான். அம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று அர்த்தம். நாங்கள் சிரித்திருப்போம். ஆனால் எனக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள். அவள் அம்மாளில்தான் போனாள். அவளுக்கு வந்தபோது வெயில் கொதி என்று நினைத்து அம்மா முதல் நாட்களில் வேப்பிலை கட்டாமல் இருந்துவிட்டாராம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தோலில் ஒரு பொட்டுத் தெரிந்தால் அம்மா யாருடைய யோசனையையும் கேட்பதில்லை. அது யாருடைய தோல் என்பதும் அவருக்கு முக்கியமில்லை.

வாசற் படலையில் வேப்பிலை ஏறியது. குசினியில் தாளிதம் நின்றது. வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சமைக்கக்கூடாது என்றார். அது எங்களுக்குத் தெரிந்ததுதான். நோய் வந்த வருத்தக்காரருக்கும் மச்சம் கொடுக்கக்கூடாது என்றார்.

“அம்மா, அது மீன். அது மச்சத்தைத் தவிர வேறொண்டும் தின்னாது,” என்றார் அண்ணன்.

“சுகம் வந்தாப் பிறகு தின்னட்டும்.”

ஒரே ஒரு விசயத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள். வருத்தக்கார மீனை மற்றதோடு விடக்கூடாது, ஒன்றிலிருந்து மற்றதற்குத் தொற்றும் என்பதில். அண்ணன் மஞ்சள் மீனை ஒரு பெரிய மண்பானையில் கடல்தண்ணீரோடு மாற்றினார். அம்மாள் வந்தவர்களைக் காற்றும் வெளிச்சமும் படாத அறையில்தான் வைப்பது வழக்கம். வீட்டில் அப்படியிருந்தது என்னுடைய அறை. என் பாயைச் சுருட்டிக்கொண்டு நான் வெளியே வந்தேன். பானை உள்ளே போனது. அம்மா அதைச் சுற்றி வேப்பிலை வைத்து, வாசலில் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டினார்.

அன்று பின்னேரம் தரகர் வந்தார். அம்மாள் நிற்கிற வீட்டுக்குள் வெளியாட்கள் வரமாட்டார்கள். நல்ல காரியம் எதுவும் நடக்காது. தகப்பன் என்ற முறையில் ஐயா படலையடியிலேயே நின்று அவரிடம் சொன்னார்: “வீட்டிலை அம்மாள் வந்திருக்கிறா. அவையை இப்ப வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ.”

யாருக்கு என்று தரகர் கேட்கவில்லை. ஐயாவும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டேன்.

“மீனுக்கெண்டு சொன்னால் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?” என்றார் ஐயா.

தரகர் கிழமை முடிய முதல் திரும்பி வந்தார். முகத்தைக் கவலையாக வைத்திருந்தார். “பிள்ளைக்கு முகத்திலை கனக்கப் பொட்டோ?” என்று கேட்டார். உடையார்கட்டில் எனக்குத்தான் அம்மாள் என்று முடிவாகிவிட்டிருந்தது. மாப்பிள்ளையின் தாய் வவுனியாவில் இன்னொரு பெண்ணை விசாரிக்கத் தொடங்கியிருந்தாராம். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று ஐயா சத்தியம் செய்தார். எல்லாத் தகப்பன்மாரும் அப்படித்தான் சொல்லுவார்கள் என்பது தரகரின் பார்வையில் தெரிந்தது. இப்போது மீனென்று சொன்னால் அது இன்னும் மோசமான பொய்யாக இருந்திருக்கும்.

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அம்மா மீது கோபிக்க முடியாது. ஐயா மீது கோபித்தேன். அவர் வயலுக்குப் போய்விட்டார். அண்ணன் மீது கோபித்தேன், அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் என் அறைக்குப் போய், திரையை விலக்கி, மீனைத் திட்டினேன். கேட்கிற பாவனையில் அது வாயைத் திறந்து திறந்து மூடியது.

அண்ணன் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தார். பானைத் தண்ணீரில் பாதியை எடுத்துவிட்டுப் புதுக் கடல்தண்ணீர் விட்டார். அடியைத் துணியால் துடைத்தார். ஒருநாள் பொட்டுகள் காணாமல் போயின. சுகம் வந்துவிட்டது என்றார். பிறகு முன்னதைவிடக் கூடுதலாக வந்தன. மீன் கொடுத்தவரிடம் போய்க் கேட்டார். “செத்தால் சொல்லுங்கோ மாஸ்ரர், வேறொண்டு தாறன்,” என்றாராம் அவர்.

அம்மா வேறு வழியில் போனார். அம்மாள் இறங்குவதற்குத் தலைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, வெயிலில் வைத்துச் சூடாக்கி வார்ப்பது முறை. அது முடிந்தால்தான் வேப்பிலையை அவிழ்க்கலாம், ஆட்கள் வரலாம்.

“கடல்மீனை நல்ல தண்ணியிலை விட்டால் செத்துப்போகும்,” என்றார் அண்ணன்.

“வாக்காமல் அம்மாள் இறங்கமாட்டா.”

“வாக்குங்கோ,” என்றேன் நான். மீன் பிழைத்தாலும் செத்தாலும் படலை திறக்கும் என்பது என் கணக்கு. செத்தால் வீட்டுக்குச் சாவுத் துடக்கு உண்டோ என்று ஐயா கேட்டார். அம்மா வேப்பிலை ஒடிக்கப் போனார்.

முற்றத்தில் மண்சட்டியில் தண்ணீர் வெதுவெதுப்பாகியிருந்தது. அதில் மஞ்சள் போட மட்டும் அண்ணன் விடவில்லை. அதற்காக நெடுநேரம் வாக்குவாதப்பட்டார். சிரட்டையால் மீனை அள்ளிச் சட்டிக்குள் விட்டோம். அம்மா வேப்பிலையால் தண்ணீரைத் தொட்டு அதன் தலையில் தெளித்தார். தண்ணீருக்குள் கிடப்பதற்குத் தண்ணீர் தெளிப்பது எப்படி என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மீன் துள்ளியது. பிறகு ஒருபக்கம் சரிந்து கிடந்தது. அம்மா தேவாரத்தை முடிக்க முதலே அண்ணன் பொறுக்க முடியாமல் அதை அள்ளி மறுபடி கடல்தண்ணீரில் விட்டார். அங்கேயும் சரிந்தே கிடந்தது. யாரும் கேட்காமலே நான் அதற்காக அம்மனுக்கு நேர்ந்தேன். திட்டினதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

பொழுதுபட முதல் அது நிமிர்ந்துவிட்டது. அடுத்த நாள் பொட்டுகள் குறைந்திருந்தன. அம்மா இன்னும் இரண்டு தண்ணீர் வார்க்க வேண்டும் என்றார். இந்த முறை அண்ணன் மறுக்கவில்லை. உப்புத்தண்ணீரில் வாழ்ந்து பழகிய கிருமி நல்ல தண்ணீரைத் தாங்காது, வெடித்துச் செத்துவிடும் என்று ஐயாவுக்கு விளக்கம் சொன்னார். தானே யோசித்துச் செய்ததுபோல இருந்தது பேச்சு. அம்மா “அம்மாள் இறங்கிறா” என்றார். இருவருக்கும் திருப்தி. மீன் இறால் தின்னத் தொடங்கியது. வேலிக்கு வெளியே வைத்து இறாலை வெட்டிக் கொண்டுவர அம்மா அனுமதித்திருந்தார்.

எனக்கு மட்டும் ஒன்றும் சரியாகவில்லை. உடையார்கட்டிலிருந்து பேச்சே இல்லை.

கடைசித் தண்ணீர் வார்ப்பதற்கு முந்தின நாள், பானையில் மாற்றின பழைய கடல்தண்ணீரை வாளியில் எடுத்துக்கொண்டு தெருவில் ஊற்றப் போனேன். வளவுக்குள் ஊற்றினால் மரம் பட்டுவிடும். அம்மாள் வீடென்பதால் தலைக்கு எண்ணெய் வைத்துக் கனநாள். படலையைத் திறந்தால் வெளியே சைக்கிளில் ஒரு கால் ஊன்றியபடி அவர் நின்றார். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. பஸ்ஸிலிருந்து பார்த்தபோது அது தெரியவில்லை. தரகர் காட்டிய படத்திலும் இல்லை. ஸ்ரூடியோக்காரன் அழித்திருக்க வேண்டும்.

“வருத்தக்காரருக்கு எப்பிடியிருக்கு?” என்று கேட்டார். வேப்பிலையைப் பார்த்துத்தான் கேட்டார்.

“சுகம்.”

“ஆருக்கு வருத்தம்?”

“மீனுக்கு.”

அவர் ஓடிப்போகவில்லை என்பதால் மிச்சத்தையும் சொன்னேன். தொட்டி, பொட்டு, சட்டித்தண்ணீர் எல்லாவற்றையும். வாளியைக் கீழே வைக்கவும் மறந்துபோனேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

“அப்ப உங்களுக்கு ஒண்டுமில்லை.”

“இல்லை.”

“எனக்குச் சின்னனிலை வந்தது. ஒருக்கா வந்த ஆளுக்குத் திரும்ப வராது. அதுதான் நான் தனியா வந்தனான். அம்மாவுக்குத் தெரியாது.”

“என்னத்துக்கு வந்தனீங்கள்?”

“ஒரு விசயம் சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான். இப்ப அதுக்குத் தேவையில்லை.” சைக்கிளைத் திருப்பப் பார்த்தார்.

“தேவையில்லாட்டியும் சொல்லுங்கோ,” என்றேன்.

அவர் சைக்கிள் மணியைத் தடவினார்.

“முகத்திலை அடையாளம் விழுந்தாலும் பரவாயில்லை, நான் வேறை இடம் பாக்கமாட்டன்,” என்றார்.