கண்டக்டர் வராத வாரம்

என் வீட்டுக்காரர் பல வருஷமாக டயாலிசிஸ் டெக்னீஷியன். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு எபிடெமியாலஜியும் பயோஸ்டாடிஸ்டிக்ஸும் சேர்ந்த முதுகலைப் படிப்பில் போய் விழுந்தார். நோய் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது, யார் பிழைக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிற படிப்பு. நாள் முழுக்க மெஷினுக்கு மெஷின் குனிந்து நிமிர்ந்தது போதும், பட்டம் வாங்கிவிட்டால் அதே ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று ஆசை. அந்த ஆசைக்கு நானும்தான் தூபம் போட்டேன்.

கவலைப்படுவது அவருக்குக் கைவந்த கலை. கவலைப்பட ஒன்றும் கிடைக்காத நாளில், ஏதோ ஒன்றை மறந்துவிட்டோமோ என்று கவலைப்படுவார். அப்படிப்பட்டவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கேள்வியைப் பாருங்கள். டயாலிசிஸுக்கு வந்து நான்கு மணி நேரமும் முழுதாகப் படுத்திருப்பவர்களைவிட, அரைமணி முன்னாலேயே கழற்றச் சொல்லி எழுந்து போகிறவர்கள் சீக்கிரம் இறந்துபோகிறார்களா? இந்தக் கணக்கில் ஒவ்வொரு சாவுக்கும் 'ஈவென்ட்' என்று பெயர். கல்யாண மண்டபக்காரர் பேசுகிற மாதிரி இருக்கிறதே என்று நான் சொல்லப்போக, ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவருடைய கைடு ஒரு கறாரான அம்மாள். ஈவென்ட் இவ்வளவு குறைவாக இருந்தால் எதையும் நிரூபிக்க முடியாது, மாதக் கடைசிக்குள் எண்ணிக்கை இன்னும் ஒன்றாவது ஏறாவிட்டால் ஆய்வை இன்னொரு வருஷம் நீட்டித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆராய்ச்சிப் பிரிவில் காலியாக இருந்தது ஒரே ஓர் இடம். அது ஒரு வருஷம் இவருக்காகக் காத்திருக்காது.

கூத்து என்னவென்றால், எண்ணிக்கை ஏறாததற்குக் காரணமே இவர்தான். ஆய்வு தொடங்கியதிலிருந்து, பாதியில் எழுந்து போகிறவர்களை எல்லாம் மிரட்டியும் கெஞ்சியும் முழு நேரம் படுக்க வைத்துவிட்டார். அவர்கள் பாட்டுக்கு நன்றாக இருந்தார்கள். சொந்த ஆய்வுக்கு இப்படி ஆப்பு வைத்துக்கொண்ட மாணவரை அந்தக் கைடு பார்த்திருக்க மாட்டார்.

மசியாதவர் ஒருவர் மட்டும் இருந்தார், ரிட்டயர்டான பஸ் கண்டக்டர். மூன்றரை மணி நேரம் ஆனதும் "தம்பி, ஸ்டாப் வந்துடுச்சு, இறக்கி விடு" என்பார். என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே போய்விடுவார். அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று இவர் வீட்டில் சொல்லிச் சொல்லிப் புலம்புவார். அந்தப் புலம்பலைக் கேட்டுக்கொண்டே நான் பாத்திரம் தேய்ப்பேன். கைடு கெடு வைத்த பிறகு இவர் கண்டக்டர் பேச்சையே எடுப்பதில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேர் மனதிலும் என்ன ஓடியது என்று வாய்விட்டுச் சொல்லவும் வேண்டுமா?

அந்த மாதத்தின் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை கண்டக்டர் வரவில்லை. போன் செய்ததற்குச் சளி, அடுத்த முறை வருகிறேன் என்றாராம். வியாழக்கிழமையும் வரவில்லை. மத்தியானம் இரண்டு தடவை கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை. சிறுநீரகம் வேலை செய்யாதவர் இரண்டு முறை தவறவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்கே தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுபடி கூப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதானே என்றேன். போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்ன மனுஷர் நீங்கள் என்று கத்தினேன்.

"பயமா இருக்கும்மா" என்றார். "என்ன பதில் வந்தா நான் சந்தோஷப்படுவேன்னு எனக்கே தெரியலை."

போனைப் பிடுங்கி நானே எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள், கண்டக்டரின் மகள். நான் யாரென்று சொன்னதும் அழத் தொடங்கிவிட்டாள். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்பாவால படுக்கவே முடியலைங்க. உக்காந்தே இருக்காரு, மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கறாரு."

போன் என் கையில் இல்லை. அவர் அதை வாங்கியதுகூட எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு நேரம் பிடித்து வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தவர், தண்ணீர் கொடுக்காதீர்கள், நிமிர்த்தி உட்கார வையுங்கள், ஆம்புலன்ஸை நான் அனுப்புகிறேன் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே படியிறங்கி ஓடினார். போகிற போக்கில் டாக்டருக்கும் யூனிட்டுக்கும் பேசி, ஒரு மெஷினைத் தயார் செய்யச் சொன்னது தெருவிலிருந்து எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பை மூட்டினேன், அணைத்தேன். அந்தக் கிழவர் பிழைக்க வேண்டும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தேன். அதே வாய் ஆராய்ச்சிப் பிரிவு நாற்காலியைப் பற்றி எத்தனை நாள் பேசியிருக்கிறது என்று நினைத்தபோது அசிங்கமாக இருந்தது.

ஒருவழியாக அவரிடமிருந்து போன் வந்தது. கண்டக்டருக்கு மூச்சு சீராகிவிட்டது, மெஷினில் படுத்திருக்கிறார் என்றார். இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்று கைடிடம் காலையில் சொல்லிவிடப் போவதாகவும் சொன்னார். அந்த வேலை போகட்டும் என்றேன். அவருக்குப் பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து 'தம்பி'ன்னாரும்மா. எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு" என்றார். "நிஜமாவே சந்தோஷமாத்தான் இருந்துச்சு."