உவர்க்குளத்தில் கொட்டிய கல்தூள்

என் தங்கை மட்டக்களப்பு வாவியோரத்தில் இறால் வளர்த்தாள். ஒரேயொரு குளம், வீட்டுச் சோறு அதிலிருந்துதான். மிஞ்சிய தீனி அடியில் அழுகி, தண்ணீரில் அமோனியா கூடிவிட்டது. மதகைத் திறந்து தண்ணீரை மாற்றியிருந்தால் போதும். அந்த நேரம் பார்த்து ஓர் ஆலோசகர் வந்து சேர்ந்தார், பளபளக்கும் சப்பாத்தோடு. சேற்றில் கால் வைக்காமல் வரம்பில் நின்றபடியே குளத்துக்கு வைத்தியம் பார்க்கும் ரகம்.

அவர் கொண்டுவந்தது சியோலைட். சிலிக்காவும் அலுமினியமும் சேர்ந்த, நுண்துளைகள் நிறைந்த கல்லின் தூள். துளைகளுக்குள் சோடியம் அயன்கள் உட்கார்ந்திருக்கும். நன்னீரில் போட்டால் அவை எழுந்து போக, அமோனியா தண்ணீரில் மாறி உண்டாகும் அமோனியம் அயன்கள் அந்த இடத்தைப் பிடிக்கும். அவ்வளவுதான் சங்கதி. எங்கள் குளத்திலோ வாவியின் உப்புத் தண்ணீர். சோடியம் கூட்டமாக நெருக்கியடித்து நிற்கிறது. ஒன்று எழும்பினால் இன்னொன்று உட்காரும். அமோனியத்துக்கு இடம் எங்கே? உயர்தர வகுப்பில் நான் படிப்பிக்கிற பாடம் இது.

"இது உவர்த் தண்ணி, சேர். இதில பெரிசா வேலை செய்யாது," என்றேன்.

அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. தங்கையின் கணவரிடம், "கல்லு எல்லாத்தையும் குடிச்சிரும். மதகை மட்டும் திறந்திராதீங்க, மருந்து வீணாப் போயிரும்," என்றார்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் குளத்துத் தண்ணீரில் தூளைக் கலந்து பார்த்தேன். அமோனியா குறைந்ததாகவே தெரியவில்லை. போத்தலோடு போய்க் காட்டினேன்.

"போத்தல் வேற, குளம் வேற," என்றார் அந்த மேதை.

"அவர் எத்தின குளம் பாத்தவர், மச்சான்! நீங்க சும்மா இரிங்க," என்று தங்கையின் கணவர் எனக்குப் புத்தி சொன்னார். தூள் மூட்டை மூட்டையாகக் குளத்தில் கொட்டப்பட்டது; மதகு மூடியே கிடந்தது.

அந்த வாரமே இறால்கள் கரையோரம் ஒதுங்கிச் செத்தன. நாற்றம் தாங்க முடியவில்லை. தங்கை தானே மதகைத் திறந்தாள், காலம் கடந்துவிட்டது.

ஆலோசகர் வந்து வரம்பில் நின்றார். "தூள் போட்டது காணாது, இன்னும் போட்டிருக்கோணும்," என்றார். பிறகு, "உயிரோட இரிக்கிறதில கொஞ்சம் வீட்டுக்குக் கட்டித் தாங்களன்."

"ஓம் சேர், நல்லதாப் பாத்துத் தாறன்," என்று மச்சான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த நாற்றத்துக்குள் இறங்கினார். "அந்தா, அந்தப் பெரிசு," என்று ஆலோசகர் சப்பாத்து நுனியால் காட்டிக்கொண்டிருந்தார். தங்கை பார்த்துக்கொண்டே அழுதாள். அந்தாளைக்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது; குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்த மச்சானைத்தான் எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது.