காதுக்குத் தைத்த மெத்தை

குடிநீர் அலுவலகத்தின் பின்கட்டில் கசிவுப் பிரிவு என்று ஒன்று இருந்தது. நாலு பேர், இரண்டு மேஜை, கதவு சரியாக மூடாத ஒரு வண்டி. அந்த நாலு பேரில் ஒருத்தியை எல்லோரும் டாக்டரம்மா என்று கூப்பிடுவார்கள். அவள் மருத்துவம் படித்தவள் இல்லை. தெருவின் நெஞ்சில் மைக்கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "இங்க இல்ல, இன்னும் கொஞ்சம் தள்ளி" என்று சொல்கிறவள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

வேலை இதுதான். தரையில் வைக்கும் வட்டமான கனத்த மைக் ஒன்று, அதைப் பிரிவில் சட்டி என்பார்கள். சட்டியிலிருந்து ஒரு வயர், சத்தத்தைக் கூட்டிக் காட்டும், இடுப்பில் மாட்டிய பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து இன்னொன்று தலையில் மாட்டிய ஹெட்போனுக்கு. இரண்டடிக்கு ஒரு தரம் சட்டியைத் தார்ச்சாலையில் வைத்துக் கேட்க வேண்டும். குழாய் நல்லபடியாக இருந்தால் மெல்லிய முனகல்தான் வரும். எங்காவது விரிசல் விட்டிருந்தால் பக்கத்து அறையில் யாரோ மாவு சலிப்பதுபோல் ஒரு ஸ்ஸ்... அது எங்கே அதிகமாகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவாள். மேஸ்திரியின் ஆட்கள் வந்து அந்த வட்டத்தில் தோண்டுவார்கள்.

சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். "இவ காது இங்க இருக்கு, ஆள் வேற எங்கேயோ இருக்கா" என்று அவள் அம்மா அலுத்துக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் அதற்காகவே பெஞ்சு மேல் ஏறி நின்றவள். உலகத்தில் இதற்கும் ஒரு உத்தியோகம் இருக்கும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் வீட்டில் சிரித்திருப்பார்கள்.

சட்டியை வைத்துப் பெட்டியின் குமிழைத் திருகியதும் தெரு கரைந்துவிடும். ஏதோ ஒரு நதியின் மெல்லிய கூரைமேல் நடந்துகொண்டிருப்பதுபோல் அவளுக்குத் தோன்றும். மேலே மனிதர்கள் கடை திறக்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள், வாடகைக்குச் சண்டை போடுகிறார்கள். கீழே இருட்டில் தண்ணீர் யாருக்கும் சொல்லாமல் நடந்து போய் யார் வீட்டுக் குழாயிலோ வெளிச்சத்தைப் பார்க்கிறது. ஒன்பது வருஷமாக அவள் அந்த நடையின் பக்கத்திலேயே நடந்து வந்திருக்கிறாள்.

ஒன்பது வருஷ வியர்வை ஹெட்போனைத் தின்றுவிட்டது. காதைச் சுற்றியிருந்த குஷன்களின் ரெக்சின் வெடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. "டாக்டரம்மா, கன்னத்துல மிளகு தூவியிருக்கு" என்பார் மேஸ்திரி. உள்ளே பஞ்சு தட்டையாகி, காது மடல் நேராக பிளாஸ்டிக்கில் போய் முட்டும். அவள் கண்ணாடி போட்டவள் வேறு. கண்ணாடிக் காம்பு மண்டையில் அழுந்தி, மத்தியானத்துக்குள் காது பழுத்துவிடும். ஸ்டோர் ரூம் குமாஸ்தாவிடம் கேட்டாள்.

"குஷன் மட்டும் தனியா வராதும்மா. முழு செட்டும் உடைஞ்சா எழுதிக் குடுங்க."

"உடையலையே சார். என் காதுதான் உடையுது."

"அதுக்கு இங்க ஃபாரம் இல்லையே" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு.

அவள் கணவர் சீட் தைக்கும் கடை வைத்திருந்தார். பஸ், கார், திரையரங்கு, பல் டாக்டரின் நாற்காலி, எது கிழிந்தாலும் அவரிடம் வரும். மனிதர்கள் கோபப்படுவதில் பாதி சரியில்லாத நாற்காலியால்தான் என்பது அவருடைய தீர்மானமான அபிப்பிராயம். ஒரு நாள் அவள் தலை சீவும்போது அவர் அந்தக் காதைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஹெட்போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனவர், சாயந்தரம் இரண்டு புது குஷன்களோடு திரும்பி வந்தார். காரின் தலைச்சாய்ப்புக்குப் போடும் கெட்டியான ஃபோம், வழவழவென்ற கறுப்பு ரெக்சின், கண்ணுக்கே தெரியாத தையல். நடுவில் சின்னதாக ஒரு துளை.

மாட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் யாரோ உள்ளங்கையால் மெல்ல மூடியதுபோல் இருந்தது.

"தலையணை மாதிரி இருக்குங்க."

"ரெண்டு இன்ச் கனம். பத்து வருஷத்துக்கு அசையாது" என்றார் அவர். அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

மறுநாள் தெருவில் இறங்கி பெட்டியைத் திருகியதும் அவள் திடுக்கிட்டு நின்றாள். வெளி உலகம் இல்லை. எதிரே பஸ் போனது, அதைப் பார்த்தாள், கேட்கவில்லை. ஆனால் பூமிக்கடியில் வேறொரு தேசம் திறந்திருந்தது. ஆழமாக, அகலமாக. அவள் காலடி ஒவ்வொன்றும் பெரிய முரசாக விழுந்தது. இரண்டு தெரு தள்ளியிருந்த பம்பு நிலையம் ஏதோ பெரிய மிருகம் தூங்குவதுபோல் மூச்சு விட்டது. தண்ணீர் தண்ணீராக இல்லை, சமுத்திரமாகக் கேட்டது. அந்தச் சத்தத்துக்குள் அவள் மிதந்துபோய்விட்டாள். அவள் நின்ற இடத்திலேயே தூங்கிவிட்டாள் என்று நினைத்து மேஸ்திரி தோளைத் தட்டினார்.

அந்த வாரம் அவர்களுக்கு ஒரு சந்து ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே தனியாகக் குடியிருந்த பூகோள டீச்சர் மூன்று வாரமாக அலுவலகத்துக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார். சுவரில் ஈரம். புத்தக அலமாரி முழுக்கப் பூஞ்சை. "முதல்ல அட்லஸ்ல ஆப்பிரிக்காவுல ஆரம்பிச்சுது. இப்போ ஐரோப்பாவையும் பிடிச்சிருச்சு. ஆசியாவையாவது காப்பாத்திக் குடுங்கம்மா" என்றார்.

அவள் டீச்சர் வீட்டு வாசலில் வட்டம் போட்டாள். தோண்டினார்கள். புழுதி பறந்தது. நாலடி தள்ளி இன்னொரு வட்டம். அங்கேயும் காய்ந்த மண்தான்.

மேஸ்திரி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். "ரெண்டு குழி சேர்ந்தாப்ல காய்ஞ்சு நான் பாத்ததே இல்ல. வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா டாக்டரம்மா?"

"இல்லண்ணா. லேசா தலைவலி."

அவளுக்குக் காரணம் தெரியும். அந்த ஸ்ஸ் காணாமல் போகவில்லை. சமுத்திரத்துக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது. பம்பின் மூச்சும் வண்டிகளின் அதிர்வும் அதன்மேல் போர்வையாய்ப் படுத்திருந்தன. உற்றுக் கேட்டால் தன் ரத்தம் ஓடுவதைத்தான் கசிவு என்று நினைத்துவிடுகிறாள்.

வீட்டுக்குப் போனால் அவர் கேட்பார்: "காது எப்படி இருக்கு?"

"சுகமா இருக்குங்க."

அது பொய் இல்லை. அதனால்தான் மேலே பேச வாய் வரவில்லை.

அடுத்த நாள் பழைய குஷன்களைக் கைப்பையில் ஒளித்து எடுத்துப் போனாள். வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து, திருட்டுக் கடிதம் படிப்பவள்போல் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மாற்றினாள். உடனே காது வலித்தது. உடனே அந்த ஸ்ஸ்சும் வந்தது, மெலிந்து, தெளிவாக. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஆனால் பத்தடி நடப்பதற்குள் இடது குஷன் சரிசெய்யப்போன கையோடு பிய்ந்து வந்து, தெரு இரைச்சல் எல்லாம் உள்ளே கொட்டியது. இனி திரும்பிப் போக வழியில்லை என்று ஆனது.

அன்று சாயந்தரம் சமையலறையில் அவர் தம்ளர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கதவுநிலையில் சாய்ந்து நின்றாள்.

"ஏங்க, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"உறுத்துதா?"

"உறுத்தல. அதான் கஷ்டமே."

அவர் முகம் வாடியது. அவள் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. பெட்டியைக் கொண்டுவந்து, சட்டியைச் சுவரோரம் குழாய் போகும் இடத்தில் அழுத்திவைத்து, கொல்லைக் குழாயை நூல் மாதிரி ஒழுகவிட்டு, ஹெட்போனை அவர் தலையில் மாட்டினாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். அவள் கேட்கும் இடத்துக்குள் அவர் வந்தது அன்றுதான். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார்.

"கடல் மாதிரி இருக்கு" என்றார், தேவைக்கு மேல் சத்தமாக.

"ஆமாங்க. கடல்ல ஓட்டையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அவர் சீட்டை அமுக்கிப் பார்ப்பதுபோல் இரண்டு குஷன்களையும் உள்ளங்கையால் அமுக்கினார். புருவம் ஏறியது. பிறகு ஒரு விரலை நுழைத்து ஓரத்தைச் சற்றே தூக்கினார். மறுபடி அமுக்கினார், மறுபடி தூக்கினார். சின்னப் பிள்ளை ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைப்பதுபோல் இருந்தது.

"அட! அமுக்கினா கும்முங்குது, விட்டா மெலிசாயிடுது. காத்து போற வழிதான் விஷயமா? ரெக்சின் காத்தை விடாது. ஃபோமும் கெட்டி. உள்ள வந்த கனமான சத்தம் போக வழியில்லாம அங்கேயே தங்கிடுது." ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "இதை முதல் நாளே சொல்லக் கூடாதா?"

"நீங்க அவ்வளவு ஆசையா தைச்சீங்க."

"உட்கார்றவங்க வாயைத் திறக்கலன்னா சீட்டுக்காரன் என்ன பண்ணுவான்?" என்று தலையில் லேசாகக் குட்டினார்.

அதிலிருந்து நாலு சாயந்தரங்கள் வீடு கடையாகிவிட்டது. முதலில் முழுக்க வெல்வெட் துணியில் தைத்தார். குளுகுளுவென்று இருந்தது, வியர்க்கவில்லை, கும்மென்ற கனமும் போய்விட்டது. ஆனால் பக்கத்து வீட்டு டிவி தாராளமாக உள்ளே வந்து உட்கார்ந்தது. ஃபோமை மெல்லிசாக்கினார், காது பிளாஸ்டிக்கில் முட்டியது. நடுத்துளையைப் பெரிதாக்கி, மடல் மடங்காமல் முழுக்க உள்ளே உட்காரும்படி செய்தார். அப்போது தண்ணீரின் சத்தம் சுற்றிலும் இடம் கிடைத்ததுபோல் விரிந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவர் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவார்.

"இப்போ?"

"மெலிசு கொஞ்சம் பின்னாடி போயிடுச்சு."

"இப்போ?"

"முன்னாடி வந்துடுச்சு. ஆனா ஓரத்துல ஒரு முள் இருக்கு."

"முள்ளுன்னா?"

"பல்லு கூசுற மாதிரி."

மெலிசு, கனம், முள். இத்தனை நாள் அவள் தனக்குத் தானே வைத்திருந்த வார்த்தைகள் இவை. அவர் அவற்றை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு, துணிக்கும் பஞ்சுக்கும் மாற்றிக்கொண்டார். முள் என்றால் உள்பக்கம் இன்னொரு மடிப்புத் துணி. கனம் என்றால் தளர்ந்த ஃபோம். ஒரு பொருளைப் பற்றி இத்தனை பேச்சு இந்த வீட்டில் நடந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. மூடிய கண்ணுக்குள் அவர் குரல் தண்ணீருக்குப் பக்கத்தில், அதே வெதுவெதுப்போடு வந்து போனது.

கடைசியில் ஒன்று அமைந்தது. வெளிச்சுவர் ரெக்சின், கன்னத்தில் படும் பக்கம் துணி, பின்புறம் உயர்ந்து முன்புறம் சரியும் இளகின ஃபோம். கண்ணாடிக் காம்புக்கு மட்டும் ஒரு சின்ன வெட்டு.

டீச்சரின் சந்துக்கு அவள் விடியற்காலையிலேயே போனாள். பெட்டியைத் திருகினாள். இது ஒன்பது வருஷத்துப் பழைய சத்தம் இல்லை, அந்தச் சமுத்திரமும் இல்லை. ஊருக்குப் புதிதாக வந்தவள்போல் சந்தின் முனையிலிருந்து தொடங்கி, அடி அடியாக நடந்தாள். ஸ்ஸ் கேட்டது. அதற்குக் கீழே வேறொன்றும் கேட்டது. டொக்... டொக்டொக்... யாரோ சின்னக் கூழாங்கற்களைக் கிண்ணத்தில் போட்டுச் சுழற்றுவதுபோல். பழைய குஷனில் இப்படி ஒன்றை அவள் கேட்டதே கிடையாது. அதன் பின்னாலேயே போனாள். அது டீச்சர் வீட்டை விட்டு விலகி, சந்தின் குறுக்கே கடந்து, எதிர்ப்பக்கம் சலவைக்கடைக்கு முன்னால் வந்து நின்றது. அங்கே சட்டியை வைத்துப் பெட்டியை இன்னும் திருகினாள். சத்தம் மண்ணுக்குள்ளிருந்து வரவில்லை, ஒரு வெற்று அறைக்குள்ளிருந்து வந்தது.

மேஸ்திரி வண்டியைப் பின்பக்கமாக ஓட்டி அந்த இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். அவள் இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடினாள்.

"நிறுத்துங்கண்ணா! வண்டி வேண்டாம். கீழ ஒண்ணுமே இல்ல!"

"ஒண்ணுமே இல்லன்னா எதுக்குத் தோண்டணும்?"

"மண்ணே இல்லண்ணா. பள்ளம். ஓரத்துலேர்ந்து கையால தோண்டுங்க."

காய்ந்த குழிகள் இரண்டும் இன்னும் அவர் கண் முன்னால்தான் இருந்தன. இருந்தாலும் வண்டியை நிறுத்தினார். ஓரத்தில் உட்கார்ந்து கடப்பாரையால் மெல்லக் குத்தினார்கள். மூன்றாவது குத்தில் கடப்பாரை கையை விட்டு உள்ளே போய்விட்டது. தார் ஒரு சாண் கனம்கூட இல்லை. அதற்குக் கீழே நாலு பேர் வட்டமாக உட்காரலாம் போல ஒரு குகை. அடியில் வெடித்த குழாயிலிருந்து பளிங்குபோல் தண்ணீர் பீய்ச்சி, கூழாங்கற்களைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அங்கிருந்து மண்ணுக்கடியில் மூடிப்போன ஒரு பழைய கால்வாய் வழியாக டீச்சர் வீட்டுச் சுவருக்கு அது போய்ச் சேர்ந்திருந்தது.

சலவைக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். தினமும் எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வேன் வந்து நிற்கும் இடம் அது என்றார். மேஸ்திரி நடைபாதையில் உட்கார்ந்து தலைத்துண்டால் முகத்தைத் துடைத்தார். டீச்சர் வீட்டிலிருந்து இறங்கி வந்து, குழிக்குள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நிலத்தடி நீர்னு முப்பது வருஷம் போர்டுல படம் போட்டிருக்கேன், இன்னிக்குத்தான் பாக்கிறேன்" என்றார்.

வீட்டில் அவள் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் கையிலிருந்த ஊசியை வைத்துவிட்டு, வேன் என்ற சொல்லை ஒரு தரம் தானும் சொல்லிப் பார்த்தார். குஷனை வாங்கி, தையல் ஏதும் விட்டிருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார்.

கசிவுப் பிரிவில் மற்ற மூன்று பேரும் ஒவ்வொருவராக அவள் கணவரின் கடைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர் ஒரே அளவில் தைக்கவில்லை. ஒவ்வொருவரையும் சுவரோரம் உட்காரவைத்து, குழாயைத் திறந்துவிட்டு, இப்போ, இப்போ என்று கேட்டார். ஒருவருக்கு அகலக் காது, ஆழமாக வேண்டியிருந்தது. தாடி வைத்திருந்தவருக்குத் துணி ஒத்துக்கொள்ளாமல் மெல்லிய தோல். மூன்றாமவர் அந்த முதல் கெட்டிக் குஷனை மாட்டிப் பார்த்துவிட்டு, கழற்றவே மாட்டேன் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் வேலை பெரிய குழாய்களோடு. கனம்தான் அவருக்கு வேண்டும்.

ஒரு விடுமுறை நாளில், வெயில் வருவதற்கு முன், அவள் கணவரை அந்தச் சந்துக்குக் கூட்டிப் போனாள். புதுத் தார் போட்ட இடம் ஈரக் கறுப்பாக இருந்தது. சட்டியை அதன்மேல் வைத்து ஹெட்போனை அவர் தலையில் பொருத்தினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஸ்ஸ் இல்லையே."

"இல்லைங்க. இப்போ நல்ல தண்ணி."

"இது எங்க போகுது?"

"இப்படியே நேரா. நூலகம் தாண்டி இடது பக்கம் திரும்பி, மேட்டு மேல இருக்கிற தொட்டிக்கு."

அவர் ஹெட்போனைக் கழற்றாமலே வயரைப் பிடித்துக்கொண்டு ரெண்டடி நடந்து சட்டியை வைத்தார், கேட்டார். பிறகு அவளிடம் கொடுத்தார். அவள் ரெண்டடி நடந்து வைத்தாள். யாருமில்லாத தெருவில் இருவரும் அப்படியே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டு, கீழே போகும் தண்ணீரோடு நூலகம் வரைக்கும் போனார்கள்.