இடது தோள் ஊக்கு

புதுத்துணியின் கஞ்சி வாசனை எங்கே வந்தாலும், ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த, இப்போது செல்போன் கடையாகிவிட்ட அந்தக் கட்பீஸ் கடையும், கூடவே பழைய பயமும் வந்துவிடும். அங்கே வாங்கும் ஜரிகைத் துண்டு ஜாக்கெட்டில் வெளியே தெரிகிற இடங்களுக்குத்தான் போதும் என்பதால், முந்தானை மறைக்கிற இடது முன்பக்கத்துக்கு அம்மா பழைய பாவாடைத் துணியை வைத்துத் தைத்துவிடுவாள். கல்யாண வீடுகளில் அவளுக்கு இடப்பக்கமாகவே நிற்பது என் வேலை. "ஊக்கு தெறிச்சா சேலையப் பிடிச்சுக்க, கத்தாத" என்பாள். மேளமோ ஐஸ்கிரீமோ எதுவும் என் கண்ணில் பட்டதில்லை, அந்த ஊக்கு மட்டும்தான்.

ஒரு கல்யாணத்தில் பெரிய அத்தை, "ஜாக்கெட்டு ஜோரா இருக்கே, இங்கிட்டுத் திரும்பு" என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ஊக்கு தெறித்தது. அத்தை பார்த்துவிட்டாள். தன் தோளிலிருந்த ஊக்கைக் கழற்றி அம்மாவுக்குக் குத்திவிட்டாள். அப்போது சரிந்த அத்தையின் முந்தானைக்கு உள்ளேயும் பூப்போட்ட பழைய பாவாடைத் துணிதான்.

அன்று பந்தி முடிகிறவரை நான் பயந்து பயந்து காவல் காத்தது இரண்டு தோள்களை.