எஸ். ஹரிணி ஏறிவிட்டாளா?

போன வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு என் மகள் காணாமல் போனாள். கம்ப்யூட்டர் திரையில்தான்... ஆனால் அந்தப் பத்து நிமிஷம் எனக்கு அது தெரியாதே!

பள்ளியிலிருந்து மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா. பிள்ளைகள் திரும்ப பஸ் ஏற ஏற, டீச்சர் போனில் டிக் செய்வார். ஏறியவர்களின் பட்டியல் பெற்றோருக்குத் தெரியும். தினசரி ஸ்கூல் பஸ்ஸுக்கும் இதே வெப் பக்கம்தான். செய்துகொடுத்தது யார்? சாட்சாத் நான்தான். சிறுசேரி சாஃப்ட்வேர் கம்பெனியில் இதே வேலைதானே பார்க்கிறேன் என்று பெருமையாக முன்வந்தேன்.

ஆபீஸில் இருந்தபடி பக்கத்தைத் திறந்தேன். 'எஸ். ஹரிணி, 5-பி' இருந்தாள். அது வேறு ஹரிணி. என் ஹரிணி 5-ஏ. மேலே தேடினேன், கீழே தேடினேன். இல்லை. டீச்சருக்கு அடித்தால் எடுக்கவில்லை. அலையைப் பார்த்துவிட்டால் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடுகிற பெண் அவள். மறுபடியும் டீச்சர் நம்பரை அழுத்தினேன்.

பக்கத்து சீட் வினோத் எட்டிப் பார்த்தான். செங்கல்பட்டுக்காரன்.

"இன்னாக்கா, மூஞ்சி செத்துப் போய் கீது?"

"லிஸ்ட்ல ஹரிணி பேரு இல்லடா!"

"அழுவாத. டேட்டா வருதா, மொதல்ல அத பாரு."

பார்த்தேன். சர்வரிலிருந்து இரண்டு ஹரிணிகளும் வருகிறார்கள்! இருவருக்கும் டிக். அப்படியானால் கோளாறு டெம்ப்ளேட்டில். பட்டியலைக் காட்டும் அந்த நாலு வரியைத் திறந்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி அடையாளம் ஒன்று கொடுக்க வேண்டும் - 'கீ' என்போம். நான் கொடுத்திருந்தது பெயரை. இனிஷியல் இருக்கிறதே, போதாதா என்கிற மிதப்பு. என் கணவர் சுரேஷ். அந்தப் பெண்ணின் அப்பா செல்வம். இரண்டும் எஸ்! இரண்டு ஹரிணிகளும் ஒரே ஆள் என்று நினைத்து, ஒருத்தியைப் பக்கம் விழுங்கிவிட்டது.

பெயரை எடுத்துவிட்டு அட்மிஷன் நம்பரைப் போட்டேன். திரையில் வந்துவிட்டாள். அப்போதும் பயம் போகவில்லை. நீங்களே சொல்லுங்கள், நான் எழுதிய பக்கத்தை நானே எப்படி நம்புவது? டீச்சர் திரும்பக் கூப்பிட்டு, போனை அவளிடம் கொடுத்தார். "அம்மா, பசிக்குது" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

மறுநாள் பள்ளி வாசலில் தேவியைப் பார்த்தேன். அந்த இன்னொரு ஹரிணியின் அம்மா. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கம்பெனி வேலை.

"நீ போட்ட லிஸ்ட்டு சூப்பர்க்கா. மிஷினாண்ட நின்னுகினே பார்ப்பேன். ஹரிணி பேரு வந்துட்ச்சின்னா அப்பால எனக்குப் பயமே இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெயருக்குப் பக்கத்தில் வகுப்பைச் சேர்த்ததே சுற்றுலாவுக்கு முந்தின நாள் ராத்திரிதான். அதுவரை வெறும் 'எஸ். ஹரிணி'...

ஜூன் மாதத்திலிருந்து அந்த ஒற்றை வரியைப் பார்த்துத்தான் இரண்டு அம்மாக்களும் நிம்மதியாக இருந்திருக்கிறோம்!